ரிமோவா பெட்டிகளில் வரிவரியான பள்ளங்கள் எப்படி வந்தன?

ஜெர்மனியைச் சேர்ந்த பயணப்பெட்டி நிறுவனமான ரிமோவாவின் பெட்டிகள் மேல் ஓடும் வரிகள் வெறும் அழகுக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். அழகுக்காக மட்டும் அல்ல. அந்நிறுவனத்தின் வரலாறே அவற்றில் பதிந்திருக்கிறது.

1898-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பால் மோர்ஷெக் தொடங்கிய பட்டறையில் முதலில் மரப்பெட்டிகளே உருவாயின. 1930களில் தொழிற்சாலை தீப்பற்றியபோது மற்றவை எரிந்துபோக, அலுமினியம் மட்டும் மிஞ்சியது என்று அந்நிறுவனத்தார் சொல்வதுண்டு. பால் மோர்ஷெக்கின் மகன் ரிச்சர்ட் 1937-இல் அலுமினியப் பெட்டியைக் கொண்டுவந்தார். ரிச்சர்டின் ‘ரி’, மோர்ஷெக்கின் ‘மோ’, வணிகச் சின்னத்தைக் குறிக்கும் ‘வாரென்ட்சைஷென்’ என்ற ஜெர்மன் சொல்லின் ‘வா’ ஆகியவை சேர்ந்ததே ‘ரிமோவா’.

வரிகள் வந்தது 1950-இல், யுங்கர்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனம் தயாரித்த விமானங்களின் நெளிவுத் தகட்டைப் பார்த்து. மெல்லிய தகடு சமதளமாக இருந்தால் கட்டைவிரலால் அழுத்தினாலே உள்வாங்கும். அதையே நெளித்துவிட்டால், எடை அதிகம் கூடாமலே விறைப்பாக நிற்கும். விலையையும் பெயரையும்விட, இந்த எளிய பொறியியல் அறிவே அப்பெட்டியின் உண்மையான பெருமை என்பது என் கருத்து.

2017-இல் ரிமோவாவின் 80 சதவீதப் பங்கு, ஆடம்பரப் பொருள்களை விற்கும் பிரெஞ்சுக் குழுமமான எல்விஎம்ஹெச்சிடம் சென்றது. 2000-இல் வந்த பாலிகார்பனேட் (ஒருவகை உறுதியான பிளாஸ்டிக்) பெட்டியிலும் அதே வரிகள் தொடர்கின்றன.