பழைய மண்ணில் புழு முட்டை தேடப் போகிறாளாம் மகள்

வணக்கம் அம்மா. "எலும்புக்கூட்டிலும் பழைய கழிவறைக் குழியிலும் புழு முட்டை தேடவா இவளை இவ்வளவு படிக்க வைத்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் உங்கள் மகள் சொல்லும் தொல் ஒட்டுண்ணியியல், அதாவது பழங்கால மனிதர்களின் உடலில் என்னென்ன புழுக்கள் இருந்தன என்று ஆராயும் படிப்பு, நேற்று முளைத்தது இல்லை. சுமார் 3000 ஆண்டுப் பழைய எகிப்திய மம்மிகளின் சிறுநீரகத்தில் ஒட்டுண்ணி முட்டைகளைக் கண்டதாக மார்க் அர்மாண்ட் ரஃபர் என்ற மருத்துவ ஆய்வாளர் 1910-இலேயே எழுதிவிட்டார்.

நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேண்டாம். அத்தனை காலம் கழித்து அவை பொரிக்காது. கெட்டியான ஓடு மட்டும் மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான்.

இவளுக்கு இது ஒத்துவருமா என்பதுதான் உண்மையான கேள்வி. 2012-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது, 1485-இல் போரில் இறந்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புக்கூடு கிடைத்தது. இடுப்பெலும்பை ஒட்டிய மண்ணில் உருண்டைப்புழு முட்டைகள் இருந்தன. சரி, மன்னர் வயிற்றில் புழு என்று உடனே எழுதிவிடலாமா? அந்த மண்ணிலேயே முன்பு கிடந்திருந்தால்? மண்டையோட்டுப் பக்கத்து மண்ணையும் பார்த்தார்கள், ஒன்றுகூட இல்லை. புதைகுழிக்கு வெளியே இருந்த மண்ணில் மிகச் சொற்பம். அப்புறம்தான் அவை மன்னரின் குடலில் இருந்தவை என்று சொன்னார்கள். இப்படிக் குடைந்து குடைந்து சந்தேகப்படும் புத்தி வேண்டும்.

பொறுமையும் வேண்டும். மண்ணை ஊறவைத்து, நுண்ணிய சல்லடையில் சலித்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் மணிக்கணக்காகத் தேட வேண்டும். சாட்டைப்புழு முட்டை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். எலுமிச்சை போல, இரு முனையிலும் அடைப்பு வைத்த மாதிரி. ஒரு நாள் முழுக்கத் தேடியும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

வேலை விஷயத்தில் மழுப்ப மாட்டேன். இதற்கென்றே இருக்கும் நிரந்தரப் பதவிகள் மிகக் குறைவு. முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்த ஆராய்ச்சிப் பணிகளில்தான் பலரும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இளநிலையிலேயே இந்தக் குறுகிய பாதையில் இறக்கிவிடாதீர்கள். விலங்கியலோ நுண்ணுயிரியலோ படிக்கட்டும், கூடவே புள்ளியியலும். முதுநிலையில் ஒட்டுண்ணியியலா, எலும்பு சார்ந்த தொல்லியலா என்று அப்போது முடிவு செய்யலாம். டிஎன்ஏ வேலையையும் கற்றுக்கொள்வது நல்லது. 14-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோயில் இறந்த லண்டன்வாசிகளின் பற்களிலிருந்து அந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியையே 2011-இல் மீட்டெடுத்தார்கள். அந்தக் கைத்திறன் இருந்தால், தொல்லியல் கைவிட்டாலும் இன்றைய தொற்றுநோய் ஆய்வகங்களில் வேலை தேடலாம்.

இந்த விடுமுறையில், அனுமதி தரும் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் இரண்டு வாரம் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரட்டும். முதல் மூன்று நாள் எல்லோரும் உற்சாகமாகத்தான் போவார்கள். இரண்டாவது வாரமும் அவளே எழுந்து கிளம்பினால் என்னிடம் அழைத்து வாருங்கள்; எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது என்று உட்கார்ந்து பேசுவோம்.