எயார் கூலர் வாங்கினால் கரண்ட் பில் குறையுமா?

கேள்வி: திருகோணமலைக் கடற்கரையோரம் உப்புவெளியில் இருக்கிறோம். அம்மாவின் அறைக்கு ஏசி பூட்ட நினைத்தோம். தவணைக்குச் சாமான் கொடுப்பவர் ஒருவர், "எயார் கூலர் எடுங்கோ, ஏசி மாதிரியே குளிரும், கரண்ட் பத்தில் ஒரு பங்குதான்" என்கிறார். நம்பலாமா?

பதில்: கரண்டைப் பற்றி அவர் சொன்னது ஓரளவு சரி. குளிரைப் பற்றிச் சொன்னது சுத்தப் புளுகு.

வீட்டுக் கூலர் சுமார் 150 வாற்றில் ஓடும். இரவுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் மாதம் 36 அலகு. சாதாரண ஏசி அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஆனால் உங்கள் சீலிங் பான் 17 அலகோடு வேலையை முடித்துவிடுமே! ரூபாயில் கணக்குச் சொல்ல மாட்டேன். நான் எழுதி முடிக்குமுன் கட்டணத்தை மாற்றிவிடுவார்கள். அலகு கூடி அடுத்த படிக்குப் போனால் நிலையான கட்டணமும் ஏறும். அதை எந்த விற்பனையாளரும் வாய் திறந்து சொல்வதில்லை.

கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. கடற்கரைக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம். 32 பாகை வெப்பமும் 75 வீத ஈரப்பதனும் இருந்தால் இரண்டு, மூன்று பாகைதான் இறங்கும். யன்னலைப் பூட்டிவிட்டுப் படுத்தால் சற்று நேரத்தில் அறை முழுக்க அவிச்சல். "கடையில் நல்லாக் குளிர்ந்ததே" என்பார்கள். கடையில் ஏசி ஓடுகிறது, அங்கே காற்று காய்ந்திருக்கிறது, குளிராமல் என்ன செய்யும்?

அடுத்தது கூலர் தொட்டியில் ஐஸ் போடும் வித்தை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுக்கும் வெப்பம், ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது எடுப்பதில் ஏழில் ஒரு பங்குதான். அந்த ஐஸை உறைய வைக்கப் பிரிட்ஜ் தின்னும் கரண்டும் உங்கள் பில்லில்தான் வரும்.

ஒரு விதிவிலக்கு உண்டு: கச்சான் காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் அந்தக் காற்றில், பகலில் 36 பாகை, ஈரப்பதன் 45 வீதம் என்றால் நல்ல கூலர் ஏழு பாகை வரை இறக்கும். அப்போதும் ஒரு யன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். பின்னேரம் கடற்காற்று திரும்பினால் தண்ணீர்ப் பம்பை நிறுத்தி வெறும் பானாக ஓட விடுங்கள். கச்சான் அடிக்கிற பகல்களுக்கு மட்டும் என்றால் வாங்கலாம். அம்மா இரவில் தூங்குவதற்கென்றால் வேண்டாம்.

வாங்கினால் தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், டெங்கு நுளம்பு பெருகத் தேங்கிய தண்ணீரே போதும். தவணையில் எடுப்பதென்றால் மாதக் காசைப் பார்க்காதீர்கள், மொத்தத்தைக் கூட்டிவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.