கேள்வி பதில்: கண்ணாடி அறையும் கடிகாரமும்

அமெரிக்க டி.வி.யில் 96 வயதுவரை ஒருவர் அறிவிப்பாளராக இருந்தாராமே, நிஜமா? (திண்டுக்கல் வாசகர்)

நிஜம்தான். பெயர் டான் பார்டோ. 1918-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். பிராவிடன்ஸ் நகரில் வானொலியில் தொடங்கி, 1944-இல் நியூயார்க்கில் என்.பி.சி. ஒலிபரப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். ஆயுளுக்கும் ஒப்பந்தம் போட்டுக்கொடுத்தார்கள். 2004-இல் ஓய்வு பெற்றும் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியை விடவில்லை. 1975 அக்டோபர் 11 அன்று ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சி தொடங்கி, 1981-82 பருவம் நீங்கலாக, 2014-இல் இறக்கும் வரை அந்த நிகழ்ச்சியில் நடிகர்களின் பெயர்களை அறிவித்தது அவர் குரல்தான். குடியிருந்ததோ அரிசோனாவில். அங்கிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் போய்வந்தவர், 2010-க்குப் பிறகுதான் ஊரிலிருந்தே பதிவுசெய்து அனுப்பத் தொடங்கினார்.

பெயர் வாசிப்பதற்கா ஆயுள் சம்பளம்? (கோவை வாசகர்)

பெயர் வாசிப்பது கண்ணுக்குத் தெரிந்த வேலை. அந்தக் காலத்து நிலைய அறிவிப்பாளர் ‘பூத்’ எனும் சிறிய அறையில் முறைவைத்து உட்கார்ந்திருப்பார். நிலையத்தின் பெயர், அடுத்த நிகழ்ச்சி, விளம்பர வரி என்று எல்லாம் சில நொடித் துண்டுகள். விளக்கு எரிந்ததும் பேச வேண்டும். படம் மாறுவதற்குள் முடிக்க வேண்டும். மீதி நேரமெல்லாம் காத்திருப்பு. ஆனால் எழுந்து போய்விட முடியாது. காரணம் 1963 நவம்பர் 22. அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட செய்தி வந்தபோது என்.பி.சி.யின் நியூயார்க் நிலையத்தில் முறையில் இருந்தவர் பார்டோ. ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சியை நிறுத்தி முதல் அறிவிப்பை வாசித்தார். திரையில் அவர் முகம் இல்லை, ஓர் அட்டைதான். ஒத்திகை கிடையாது, கையில் வந்த தாள் மட்டும். நிலையங்கள் ஆளை உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தது இப்படி ஒரு நிமிடத்துக்காகவும்தான். பதிவுசெய்த நாடாக்கள் அந்தத் துண்டு அறிவிப்புகளை எடுத்துக்கொண்ட பிறகு அந்த நாற்காலிகள் காலியாகிவிட்டன.

அவர் தடுமாறியதே இல்லையா? (திருநெல்வேலி வாசகர்)

‘சாட்டர்டே நைட் லைவ்’ முதல் நிகழ்ச்சியிலேயே தடுமாறினார். நடிகர் குழுவுக்கு ‘நாட் ரெடி ஃபார் பிரைம் டைம் பிளேயர்ஸ்’ (முக்கிய நேரத்துக்கு இன்னும் தயாராகாத நடிகர்கள்) என்று குறும்பாகப் பெயர் வைத்திருந்தார்கள். பார்டோ வாயில் அது ‘நாட் ஃபார் ரெடி’ என்று வந்துவிட்டது. நேரலை, திருத்த வழியில்லை. கண் எப்போதும் வாய்க்கு இரண்டு சொல் முன்னால் ஓடும். பழகாத சொற்கோவை என்றால் முன்னால் பார்த்த சொல் முந்திக்கொண்டு வந்துவிடும். அதனால் இப்படிப்பட்ட தொடர்களைப் பென்சிலால் வட்டமிட்டு, ஐந்தாறு முறை மெதுவாக வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். மனசுக்குள் வாசிப்பது கணக்கில் சேராது.

30 நொடி விளம்பரத்தை வாசித்தால் எப்போதும் 35 நொடி ஆகிறது. வேகமாக வாசித்தால் உளறல். என்ன செய்வது? (தேனி வாசகர்)

தவறு வாயில் இல்லை, தாளில். ஆங்கிலத்தில் 30 நொடிக்கு 75 சொல் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதைத் தமிழுக்குப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ‘கொண்டாடுகிறார்கள்’ என்பது நமக்கு ஒரே சொல். எண்கள் இன்னும் மோசம்: ‘2014-இல்’ என்பது தாளில் துளி இடம்; வாசித்தால் ‘இரண்டாயிரத்துப் பதினான்கில்’, ஏறக்குறைய இரண்டு நொடி. ஆகவே எண்களையும் சுருக்கங்களையும் முதலில் எழுத்தில் விரித்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கடிகாரம் வைத்து இயல்பான வேகத்தில் வாசியுங்கள். 28 நொடியில் முடிய வேண்டும். கடைசி இரண்டு நொடி இசைக்கும் நிறுவனத்தின் முத்திரைக்கும். மிஞ்சினால் சொல்லை வெட்டுங்கள், பெயரடைகளில் தொடங்கி. ‘மிகச் சிறந்த’ போனால் யாரும் தேட மாட்டார்கள். விளம்பரதாரர் சம்மதிப்பாரா என்பது வேறு பஞ்சாயத்து.

தாளில் மூச்சு விடும் இடத்தில் ஒரு சாய்கோடு போடுங்கள், நிறுத்தும் இடத்தில் இரண்டு. வாக்கியம் பக்கம் தாண்டக் கூடாது. தாள் புரளும் ஓசையும் சேர்ந்து பதிவாகும்.

தூர்தர்ஷன் ‘மகாபாரத்’ தொடரில் கதை சொல்லும் ‘சமய்’ (காலம்) ஆகப் பேசியவர் யார்? (மதுரை வாசகர்)

ஹரீஷ் பிமானி. பின்னாளில் ஒரு மராத்தி ஆவணப்படத்துக்காக வர்ணனைக்கான தேசிய விருதும் வாங்கினார்.

வீட்டில் பதிவு செய்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் ‘டப் டப்’ என்கிறது. மைக் மட்டமா? (தஞ்சாவூர் வாசகர்)

மைக்கைக் குறை சொல்லாதீர்கள். ‘ப’ சொல்லும்போது உதட்டிலிருந்து கிளம்பும் காற்று நேராக அதன் முகத்தில் அடிக்கிறது. ஒரு சாண் தள்ளி உட்காருங்கள். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் வாயின் ஓரத்துக்குச் சாய்த்து வையுங்கள். மைக்குக்கு நான்கு விரற்கடை முன்னால் பாப் ஃபில்டர், அதாவது காற்றைத் தடுக்கும் வலைத்திரை. நெருங்கிப் பேசினால் குரல் கனத்துக் கம்பீரமாகத் தோன்றும், மயங்கிவிடாதீர்கள். பின்னணி இசை சேர்ந்ததும் சொல் அமுங்கிப்போகும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். சுவர் எதிரொலிக்கு மெல்லிய போர்வை போதாது. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்து வாசிப்பது மேல். வீடியோவுக்கு என்றால் பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (WAV) கோப்பு என்று தேர்ந்துகொள்ளுங்கள். உச்ச ஒலி -6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். பிழை வந்தால் பதிவை நிறுத்தாமல் ஒருமுறை கைதட்டுங்கள்; வெட்டும்போது திரையில் ஒலி அலைக்கோட்டில் அந்தத் தட்டல் முள்போலத் தனியாகத் தெரியும். மறுபடி வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். தவறிய சொல்லை மட்டும் ஒட்டினால் குரலின் ஏற்ற இறக்கம் சேராமல் காட்டிக்கொடுத்துவிடும்.