கழுத்தை விட்டுத் தொடையில் ஏன் சென்ட்ரல் லைன்?

கேள்வி: எங்கள் 4 மாதக் குழந்தைக்கு இதயத்தின் ஒரு கீழறைதான் வேலை செய்கிறது, உடம்பு நீலம் பாரிக்கும். ஐசியூவில் தொடை இடுக்கில் சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் வைக்கும் குழாய்) போட்டார்கள். கால் வீங்கிவிட்டது. கழுத்தில் போட்டிருக்கலாமே?

பதில்: போட்டிருக்கலாம். ஆனால் காலை வீங்கவைக்கக்கூடிய ரத்தக்கட்டி அங்கும் வரும். வந்தால் இழப்பு பெரிது. இக்குழந்தைகளுக்கு அடுத்து வழக்கமாகச் செய்யும் கிளென் அறுவையில், மேற்பெருஞ்சிரையை (தலை, கைகளின் ரத்தம் வரும் பெரிய சிரை, கழுத்துக் குழாயின் நுனி நிற்கும் இடம்) நேராக நுரையீரல் தமனியில் இணைப்பார்கள். நடுவில் தள்ளிவிட இதயம் இல்லை. ரத்தம் தானாக இறங்கிப் போக வேண்டும். சிரை கட்டியால் குறுகினால் அந்த ஓட்டமே கெடும். தொடைச் சிரையும் இளப்பமல்ல, பிற்பாடு கேத் லேபில் (சிரை வழியே குழாய் விட்டு இதயத்தைப் பார்க்கும் அறை) அதே வழி தேவைப்படும். ஆகவே எங்கே போட்டாலும், தேவை முடிந்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

கட்டி ஏன் வருகிறது? 4 பிரெஞ்ச் (குழாய்த் தடிமனின் அளவு) குழாயின் தடிமன் சுமார் 1.3 மி.மீ. கைக்குழந்தையின் சிரையே சில மி.மீ.தான், ஓட்டம் பாதி மறிபடும். நீலக் குழந்தைக்குச் சிவப்பணுக்கள் மிகுந்து ரத்தம் கெட்டியாக இருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கால் நீர் வற்றினால் இன்னும் மோசம். வீக்கத்துக்கு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டும். கட்டி இருந்தால் பெரும்பாலும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் கொடுப்பார்கள். கால் வெளுத்துச் சில்லிட்டால் அது தமனிக் கோளாறு, உடனே சொல்லுங்கள்.

இன்னொன்று, காற்றுக் குமிழி. மற்றவர்களுக்குச் சிறு குமிழி நுரையீரலில் தங்கிவிடும். இக்குழந்தைக்குச் சிரை ரத்தமும் தமனி ரத்தமும் இதயத்தில் கலப்பதால் நேரே மூளைக்குப் போகலாம். சிரிஞ்சைத் தட்டிக் குமிழியை வெளியேற்றுகிறார்களா, குழாயைக் கழற்றுமுன் கிளாம்ப் (அடைக்கும் கவ்வி) போடுகிறார்களா என்று கவனியுங்கள், கேட்பதில் தப்பில்லை.

கேள்வி: (குழந்தை மருத்துவம் பயில்பவர்) ஊசியில் வரும் ரத்தம் கருத்திருந்தால் சிரை என்று நம்பலாமா?

பதில்: நீலக் குழந்தையிடம் கூடாது, தமனி ரத்தமும் கருப்பாகவே வரும். ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தால் பீறிட்டும் அடிக்காது. டைலேட்டர் (துளையை அகலமாக்கும் குழல்) நுழைக்குமுன், ஊசி வழியே விட்ட வழிகாட்டிக் கம்பி சிரைக்குள் இருப்பதை அல்ட்ராசவுண்டில் பாருங்கள், அல்லது அழுத்த அலையை (ரத்தக்குழாயின் அழுத்தம் ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு) பாருங்கள். தமனியில் ஊசி மட்டும் பட்டிருந்தால் எடுத்து அழுத்துங்கள். டைலேட்டரோ குழாயோ போய்விட்டால் உருவ வேண்டாம். அப்படியே வைத்து அறுவை மருத்துவரை அழையுங்கள். மானிட்டரில் துடிப்பு தாறுமாறானால் கம்பி ஆழமாகப் போயிருக்கிறது, சற்றுப் பின்னால் இழுங்கள். எக்ஸ்ரேயில் குழாய் முதுகெலும்பின் இடப்பக்கமாக இறங்கினால் உடனே தமனி என்று முடிவு கட்டாதீர்கள். பிறவி இதய நோயில் கருவிலேயே மறைய வேண்டிய இடது மேற்பெருஞ்சிரை மறையாமல் நிற்பது சகஜம். எக்கோவும் (இதய ஸ்கேன்) அழுத்த அலையும் சொல்லிவிடும்.