எச்பிஏ கார்டில் லைட் எரிகிறது, ஆனால் சர்வரில் ஸ்டோரேஜ் டிஸ்க் வரவில்லை. கார்டு பழுதா?

நீங்கள் எழுதியதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: புது லினக்ஸ் சர்வரில் இரண்டு போர்ட் உள்ள 16 ஜிகாபிட் ஃபைபர் சேனல் கார்டு (சர்வரை ஸ்டோரேஜோடு இணைக்கும் இந்தக் கார்டைத்தான் எச்பிஏ என்கிறோம்) போட்டு, ஸ்டோரேஜுக்கான தனி நெட்வொர்க்கான சானின் இரண்டு ஸ்விட்சுக்கும் ஆளுக்கொரு கேபிள் இழுத்தாயிற்று. எல்லா இடத்திலும் பச்சை லைட். ஸ்டோரேஜ் குழு லன் (சர்வருக்கென்று ஸ்டோரேஜில் ஒதுக்கும் டிஸ்க்) கொடுத்துவிட்டதாகச் சொல்கிறது, சர்வரில் ஒரு டிஸ்க்கும் இல்லை.

கார்டைக் கழற்றாதீர்கள். அது அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். பச்சை லைட் எரிந்தால் கார்டும் ஸ்விட்சும் பேசிக்கொள்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம். (லைட்டே வராதவர்கள் முதலில் வேகத்தைப் பாருங்கள். 16 ஜிகாபிட் கார்டு 8, 4 வரை இறங்கி வரும், 2 ஜிகாபிட் பழைய ஸ்விட்சோடு சேராது.) அதைத் தாண்டி இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று, எந்த போர்ட் எந்த போர்ட்டோடு பேசலாம் என்று ஸ்விட்சில் செய்யும் ஜோனிங், இன்னொன்று, எந்த லன் எந்த சர்வருக்கு என்று ஸ்டோரேஜில் செய்யும் லன் மாஸ்கிங். இந்த இரண்டு இடத்திலும் அனுமதி கொடுப்பது உங்கள் சர்வரின் பெயரையோ ஐபி முகவரியையோ பார்த்து இல்லை, கார்டின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் இருக்கும் 16 இலக்க எண்ணைப் (இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் வரும்) பார்த்துத்தான். அதைத்தான் டபிள்யூடபிள்யூபிஎன் என்கிறோம். அதில் ஒரு இலக்கம் பிசகினாலும் எந்த எரர் மெசேஜும் வராது, டிஸ்க் வராது, அவ்வளவுதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வாடிக்கையாளரின் டேட்டா சென்டரில், கார்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து எண்ணைத் தாளில் எழுதி, போனில் வாசித்துக் காட்டினேன். அப்புறம் ராத்திரி முழுக்க கேபிளை மாற்றினோம், கேபிள் செருகும் எஸ்எஃப்பி மாட்யூலை மாற்றினோம், சர்வரை நாலு தடவை ரீபூட் செய்தோம். விடியும் நேரத்தில், ஸ்விட்சோடு இணைந்திருக்கும் போர்ட்களின் எண்களைக் காட்டும் நேம் சர்வர் பட்டியலையும் ஜோனில் இருந்த எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இரண்டிரண்டு இலக்கமாகப் படித்துக்கொண்டே வந்தபோது, ஆறாவது ஜோடியில் மாட்டியது. நான் 8 என்று வாசித்த இடத்தில் உண்மையில் இருந்தது பி. அன்றிலிருந்து இந்த எண்ணைக் கையால் எழுதுவதே இல்லை, டைப் செய்வதும் இல்லை, காப்பி பேஸ்ட் மட்டும்தான்.

லினக்ஸில் சிஸ், கிளாஸ், எஃப்சி ஹோஸ்ட் என்று வரிசையாக உள்ளே போனால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு டைரக்டரி இருக்கும். அதில் போர்ட் நேம் ஃபைலில்தான் உங்களுக்கு வேண்டிய எண். பக்கத்திலேயே நோட் நேம் என்றும் ஒன்று இருக்கும், பெரும்பாலும் 20 என்று ஆரம்பிக்கும். அதை எடுத்து ஜோனில் போட்டுவிட்டுத் தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கியூலாஜிக் கார்டு என்றால் போர்ட் எண் பொதுவாக 21 என்றும், எமுலெக்ஸ் என்றால் 10 என்றும் தொடங்கும், பார்த்த உடனே பிடித்துவிடலாம்.

அந்த எண் ஸ்விட்சின் நேம் சர்வரில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஜோனுக்குப் போங்கள். ப்ரோகேட் ஸ்விட்சில் அடிக்கடி நடக்கிற விஷயம்: ஜோன் உருவாக்கி, கான்ஃபிக்கில் சேர்த்து, சேவ் செய்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சேவ் செய்வது வேறு, எனேபிள் செய்வது வேறு. எனேபிள் செய்யாதவரை பழைய கான்ஃபிக்தான் ஓடிக்கொண்டிருக்கும். சிஸ்கோவில் ஜோன்களின் தொகுப்பான ஜோன்செட்டை ஆக்டிவேட் செய்ய வேண்டும், கூடவே சர்வர் போர்ட்டும் ஸ்டோரேஜ் போர்ட்டும் ஒரே விசானில் (சானுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு ஜோனில் ஒரே ஒரு சர்வர் போர்ட் மட்டும் வையுங்கள். பத்து சர்வரை ஒரே ஜோனில் கொட்டினால் இன்றைக்கு வேலை செய்யும், ஆனால் ஒருவர் ரீபூட் செய்தால் மற்ற ஒன்பது பேருக்கும் அந்த மாற்றத்தின் அறிவிப்பு போய்ச் சேரும்.

ஜோனிங் முடிந்த பிறகுதான் மாஸ்கிங்குக்குப் போவேன். காரணம் எளிது. ஜோன் சரியாக இருந்தால் உங்கள் எண் ஸ்டோரேஜ் பக்கத்தில் தானாகவே வந்து நிற்கும், பட்டியலில் இருந்து தேர்ந்தெடுத்தால் போதும். அங்கே வரவில்லை என்றால் ஜோனில்தான் கோளாறு என்று அப்போதே தெரிந்துவிடும். இரண்டு போர்ட்டையும் சேர்த்தார்களா, ஹோஸ்ட் வகை லினக்ஸ் என்று போட்டார்களா என்று கேளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் டிஸ்க்கை மறுபடி தேடச் சொல்லி சர்வரில் ஒரு ரீஸ்கேன் போதும், ரீபூட் வேண்டாம். இரண்டு போர்ட்டும் தலா இரண்டு ஸ்டோரேஜ் போர்ட்டைப் பார்த்தால் ஒரே லன் நான்கு டிஸ்க்காக வரும். பயப்படாதீர்கள், அது நான்கு பாதை. ஆனால் தயவுசெய்து அதில் ஒன்றைப் பிடித்து ஃபார்மேட் செய்யாதீர்கள். நான்கு பாதையையும் ஒரே டிஸ்க்காகச் சேர்த்துக் காட்டும் மல்டிபாத்தைக் கான்ஃபிகர் செய்து, அதற்கு மேப்பர் டைரக்டரியில் வரும் பெயரை மட்டும் பயன்படுத்துங்கள்.

டேட்டாபேஸ்காரர்களிடம் சர்வரை ஒப்படைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, நேரமில்லை என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். டிஸ்க்கில் எதையாவது எழுதவிட்டு, ஒரு கேபிளை நிஜமாகவே பிடுங்குங்கள். எழுதுவது கொஞ்சம் தயங்கி நின்று மறுபடி ஓட வேண்டும். கேபிளைத் திரும்பச் செருகி, நான்கு பாதையும் ஆக்டிவ் என்று காட்டும்வரை காத்திருந்து, அப்புறம் இன்னொன்றைப் பிடுங்குங்கள். திரையில் நான்கு பாதை காட்டியும் இரண்டு கேபிளும் ஒரே ஸ்விட்சில் செருகியிருந்த ரேக்கை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்விட்ச் ஒன்று நின்றால் எல்லாமே நின்றுவிடும்.

பின்னால் எப்போதாவது கார்டு மாற்றினால் எண்ணும் மாறும், ஜோனிலும் ஸ்டோரேஜிலும் திருத்தியாக வேண்டும். சிஸ்கோ யூசிஎஸ் மாதிரி சர்வர்களில் எண் கார்டில் இருந்து வராமல் சர்வீஸ் புரொஃபைலில் (சர்வரின் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் விவரத் தொகுப்பு) இருந்து வருவதால் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் போர்ட் நேமையும் நேம் சர்வர் பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டையும் கமெண்டில் அப்படியே பேஸ்ட் செய்தால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.