ஓட்டுப் போடாதவர்கள் எல்லாம் சோம்பேறிகளா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தேர்தல் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். அதற்கு டீக்கடை இருக்கிறது.

2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் தர்மபுரியில் 81 சதவீதம், மத்திய சென்னையில் 54. படித்த சென்னைக்காரர்களுக்கு வெட்கமாக இல்லையா?
வாசகர், அரூர்

உங்கள் ஊர்ப் பெருமை நியாயம்தான். 2021 சட்டமன்றத் தேர்தலிலும் இதே கதை: உங்கள் மாவட்டத்துப் பாலக்கோட்டில் 87, சென்னை வேளச்சேரியில் 56. ஆனால் திட்டுவதற்கு முன்னால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். வாக்குச் சதவீதம் என்பது ஒரு வகுத்தல். மேலே இருப்பது வந்து போட்டவர்கள், கீழே இருப்பது பட்டியலில் பெயர் உள்ளவர்கள். நாம் மேலே இருப்பதையே பார்க்கிறோம். கீழே இருப்பது எப்படி வீங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை.

சென்னையில் வாடகைக்கு இருப்பவர் பதினொரு மாத அக்ரிமென்ட் முடிந்தால் சைதாப்பேட்டையிலிருந்து மேடவாக்கத்துக்குப் போவார். கேஸ் இணைப்பை மாற்றுவார், பிள்ளையின் பள்ளியை மாற்றுவார். வாக்காளர் பட்டியலில் மட்டும் அவர் பழைய வீட்டிலேயே குடியிருப்பார். இடம் மாறினால் கொடுக்க வேண்டியது படிவம் 8. பலர் படிவம் 6 கொடுத்துப் புதிதாகச் சேர்ந்துவிடுகிறார்கள்; பழைய பெயர் அப்படியே நிற்கும். நான் தேர்தல் பணியில் இருந்த ஒரு நகரத்துச் சாவடியில், பூத் ஏஜென்டுகள் தங்கள் பட்டியலில் சிவப்பு மையால் அடித்தே கொண்டுவந்திருந்தார்கள். "இவர் காலி பண்ணிட்டார் சார், இவர் தவறிட்டார், இவங்க அமெரிக்கா." பக்கத்துக்கு முப்பது பெயர், அதில் ஏழெட்டு சிவப்பு. அன்றைக்கு வராதவர்கள் கணக்கில் அவர்களும் சேர்ந்தார்கள்.

2025 கடைசியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வந்த வரைவுப் பட்டியலில், தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அதில் தவறாக விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்பது தனிச் சண்டை. ஆனால் கீழே உள்ள எண் அந்த அளவு குறைந்தால், ஒருவர்கூடக் கூடுதலாக வராமலே சதவீதம் ஏறும். பழைய சதவீதத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மார்தட்டுபவர்களைக் கண்டால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

சரி, இதையெல்லாம் கழித்தாலும் உங்கள் ஊருக்கும் சென்னைக்கும் இடைவெளி இருக்கத்தான் செய்யும். அங்கே கூப்பிட ஆள் இருக்கிறது. மதியம் மூன்று மணிவரை ஒருவர் வரவில்லை என்றால் தெருவில் யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். அடுக்குமாடியில் கட்சிக்காரரை செக்யூரிட்டியே உள்ளே விடமாட்டார். அமெரிக்காவின் மிச்சிகனில் 2006இல் ஒரு சோதனை செய்தார்கள். நீங்களும் உங்கள் அக்கம்பக்கத்தாரும் போன தேர்தல்களில் ஓட்டுப் போட்டீர்களா இல்லையா என்ற விவரத்தைத் தபாலில் அனுப்பி, "இந்தத் தேர்தல் முடிந்ததும் இன்னொரு பட்டியல் அனுப்புவோம்" என்று எழுதினார்கள். கடிதமே போகாத வீடுகளில் 29.7 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். இந்தக் கடிதம் போன வீடுகளில் 37.8. 'வாக்களிப்பது உங்கள் கடமை' என்று மட்டும் எழுதிய கடிதத்துக்கு இதில் கால்வாசி பலன்கூட இல்லை.

பணம் கொடுக்கும்போது சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். நான் மாற்றிப் போட்டுவிட்டேன். அவர்களுக்குத் தெரிந்துவிடுமா? மனசும் சரியில்லை.
வாசகி, மதுரை மாவட்டம்

அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். தெரியாது. 17ஏ பதிவேட்டில் உங்கள் வரிசை எண்ணும் கையெழுத்தும் இருக்கும். யாருக்குப் போட்டீர்கள் என்பது இருக்காது. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிகிற சீட்டில் சின்னம் உண்டு, உங்கள் பெயர் கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழி இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் தெரு எப்படிப் போட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை என்ற கணக்கு, படிவம் 20இல் வெளியாகிறது. ஒரு சாவடி என்பது ஆயிரம் பேர் சொச்சம், நாலைந்து தெரு. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரம் வந்த பிறகு அது போய்விட்டது. பல இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்து ஒரே மொத்தமாகக் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே கேட்டது. சட்ட ஆணையமும் 2015இல் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. அதனால் "உங்க தெரு எங்களை ஏமாத்திடுச்சு" என்று யாராவது சொன்னால் அது கணக்குப் பார்த்துச் சொல்வது. "நீதான் ஏமாத்தினே" என்றால் அது வெறும் மிரட்டல்.

சத்தியத்துக்கு வருகிறேன். பார்க்க முடிந்திருந்தால் அவர்கள் ஏன் சத்தியம் கேட்கிறார்கள்? பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. பணப் பட்டுவாடாவால் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் என்று தேர்தலே நின்றுபோயிருக்கிறது. சட்டவிரோதமான காரியத்துக்குப் போட்ட ஒப்பந்தம் கோர்ட்டில் செல்லாது. சாமிக்கும் அந்த அளவு சட்டம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை பணத்தை வாங்காமல் இருந்தால் படத்தைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல்தானே?
வாசகர், குன்னூர்

இல்லை. நோட்டாவுக்கு எத்தனை விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவரே ஜெயித்தவர். 2024இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலக, நோட்டாவுக்கு 2 லட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேல் விழுந்தது. பா.ஜ.க. வேட்பாளர் சுமார் 11.75 லட்சம் வித்தியாசத்தில் எம்.பி. ஆனார். உங்கள் நீலகிரியிலும் 2014இல் 46,559 நோட்டா; அந்தத் தேர்தலில் நாட்டிலேயே அதுதான் அதிகம். முடிவில் ஒன்றும் மாறவில்லை. ஹரியானா, மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018இல், உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா முந்தினால் மறுதேர்தல் என்றன.

அப்புறம் எதற்கு அது? 2013க்கு முன்னால் 49-ஓ என்ற விதி இருந்தது. 'யாருக்கும் இல்லை' என்றால் அதை அலுவலரிடம் சொல்லி, பதிவேட்டில் எழுதவைத்து, கையெழுத்துப் போட வேண்டும். சுற்றி உட்கார்ந்திருக்கும் ஏஜென்டுகள் அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அந்தச் சங்கடத்திலிருந்துதான் உச்ச நீதிமன்றம் நம்மை விடுவித்தது.

நான் போவதற்குள் என் பெயரில் யாரோ போட்டுவிட்டார்கள். "49-பி" என்று கேட்டதும் ஒரு காகிதச் சீட்டைக் கொடுத்தார்கள். அது எண்ணப்பட்டதா?
வாசகர், திருவொற்றியூர்

எண்ணப்பட்டிருக்காது. 2018இல் வந்த ஒரு படத்தால் பிரபலமான விதி இது. படத்துக்குப் பிறகு எல்லாரும் இயந்திரத்தில் போடலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். காகிதச் சீட்டுதான் தருவார்கள். அதைத் தனி உறையில் போட்டு முத்திரை வைப்பார்கள். யாராவது தேர்தல் வழக்குப் போட்டு, நீதிமன்றம் கேட்டால்தான் உறை திறக்கும். நடக்காத காரியம் என்று நினைக்காதீர்கள். 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்: 62,216க்கு 62,215. அந்த வழக்கில் இப்படிப்பட்ட சீட்டுகள்தான் பெரிய விஷயமாயின. நீங்கள் கேட்டு வாங்கியது சரி.

ஓட்டுப் போடாமல் புறக்கணிப்பதும் ஓர் அரசியல் செயல்தானே?
வாசகர், யாழ்ப்பாணம்

செயல்தான். ஆனால் அதன் பலன் யாருக்குப் போய்ச் சேரும் என்பது உங்கள் கையில் இல்லை. இதை உங்கள் ஊரைவிட வேறு எந்த ஊரும் நன்றாகக் கற்றிருக்க முடியாது. 2005 ஜனாதிபதித் தேர்தலில், புலிகளின் புறக்கணிப்பால் யாழ். மாவட்டத்தில் விழுந்தது 1.21 சதவீதம். மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதத்தில் தப்பித்தார். எதிர்த்து நின்ற ரணில் விக்ரமசிங்கவோடு வித்தியாசம் ஏறக்குறைய 1.8 லட்சம் வாக்குகள். மாவட்டத்தில் பதிவான வாக்காளர்களே ஏழு லட்சம் பேர். பயத்தால் வீட்டில் இருந்தவர்களையும் விரும்பி இருந்தவர்களையும் அந்த 1.21 பிரித்துக் காட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சின்ன அளவில் புறக்கணிப்புக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் ஏகனாபுரம் மக்கள் 2024இல் புறக்கணித்தபோது ஊர் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. நாட்டளவில் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. அதிலும் உங்களுக்கு 1, 2, 3 என்று விருப்பு வாக்கு போடும் வசதி இருக்கிறது. 2024இல் அனுர குமார திசாநாயக்க 42.31 சதவீதத்தில் நின்றபோது, முதன்முறையாக அடுத்த விருப்பு வாக்குகளை எண்ண வேண்டிவந்தது. எங்களுக்கு அந்த வசதிகூட இல்லை.

ஆஸ்திரேலியா மாதிரி இங்கேயும் கட்டாயமாக்கினால் என்ன?
வாசகி, கோவை

அங்கே 1922இல் 60 சதவீதத்துக்கும் கீழே இருந்தது, 1924இல் சட்டம் வந்ததும் அடுத்த ஆண்டுத் தேர்தலில் 91ஐத் தாண்டியது. அபராதம் இன்றைக்கும் வெறும் 20 டாலர். சனிக்கிழமை தேர்தல், சாவடி வாசலில் சாஸேஜ் சுட்டு விற்பார்கள். குஜராத் இதையே உள்ளாட்சித் தேர்தலுக்குக் கொண்டுவந்து, 2015இல் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. எனக்கு இதில் ஒரே தயக்கம்தான். அரூர் வாசகருக்குச் சொன்ன சிவப்பு மைப் பட்டியலை வைத்துக்கொண்டு யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது? இறந்தவருக்கா?

துபாயில் இருக்கிறேன். இங்கிருந்தே ஓட்டுப் போட முடியுமா?
வாசகர், சொந்த ஊர் கீழக்கரை

முடியாது. படிவம் 6ஏ கொடுத்து வெளிநாட்டு வாக்காளராகச் சேரலாம். ஆனால் பாஸ்போர்ட்டோடு ஊருக்கு வந்துதான் போட வேண்டும். 2024இல் பதிந்திருந்தவர்கள் 1.19 லட்சம் பேர். வந்து போட்டவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு, அவர்களில் பெரும்பாலோர் கேரளத்துக்காரர்கள். வருவதாக இருந்தால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராகச் சாவடிக்கு வந்து, பெயர் இல்லாமல் திரும்பிய ஒருவருக்கு நானே தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.