மகன் பையில் கஞ்சாப் பொட்டலம்: ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வேலை போய்விடுமா?

கேள்வி: தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மகனுக்கு 21 வயது. பட்டப்படிப்பு முடித்துவிட்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகி வருகிறான். போன வாரம் துவைப்பதற்காக அவன் பையைக் கவிழ்த்தபோது சின்னக் கஞ்சாப் பொட்டலம் ஒன்றும் பாதி தீர்ந்த மாத்திரை அட்டையும் கண் சொட்டு மருந்தும் விழுந்தன. மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் பெயர் போலீசுக்குப் போய்விடும், வேலைக் கனவு அத்தோடு முடிந்தது என்று அவன் அப்பா தடுக்கிறார். கோயிலில் சத்தியம் வாங்கினால் போதும் என்கிறார் மாமியார். நான் என்ன செய்ய?

பதில்: அழைத்துப் போங்கள் அம்மா. இந்த வாரமே போங்கள். உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் மகனின் வேலைக்கு ஆபத்து வழக்கிலிருந்துதான் வரும், சிகிச்சையிலிருந்து வராது. மறைத்து வைக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வழக்கை அவனுக்குக் கிட்டே கொண்டுவருகிறது.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும். நீதிமன்ற உத்தரவு, பிறர் உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி, கஞ்சா புகைத்ததாகச் சொல்லிச் சிகிச்சைக்கு வரும் பையனைக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கும் கடமை மருத்துவருக்குக் கிடையாது. மருத்துவமனைச் சீட்டு முதல் தகவல் அறிக்கை ஆகிவிடாது.

இப்போது வழக்கு என்ன செய்யும் என்று பாருங்கள். ஒரு கிலோவுக்கு மேற்படாத கஞ்சாவைப் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் 'சிறிய அளவு' என்கிறது. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடு, இன்றே முடிந்துவிடும்" என்று நீதிமன்ற வாசலில் யாராவது யோசனை சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனால் ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம் தண்டனைத் தீர்ப்பாகவே பதிவாகும். சீருடைப் பணிக்குப் போக நினைக்கும் பையனுக்கு அதைவிடக் கெட்ட யோசனை கிடையாது.

வழக்கிலிருந்து விடுபட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டுக் காவலர் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்யப்பட்டவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் இந்த விதியை ஏற்றுக்கொண்டது. முன்வரலாற்றுச் சரிபார்ப்பின்போது (போலீஸ் வெரிஃபிகேஷன்) வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு குற்றமற்றவர் என்று தெளிவாகத் தீர்ப்பானால், அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் வேலையைக் கோர முடியும். வழக்கை மறைத்து விண்ணப்பித்தால், அந்த மறைப்பே தனிக் குற்றச்சாட்டாகும். விண்ணப்பத்தில் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதை அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் விரிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே மருத்துவப் பரிசோதனைப் படிவம் பழைய சிகிச்சையைப் பற்றி நேரடியாகக் கேட்டால், அங்கும் உள்ளதை உள்ளபடியே எழுதட்டும்.

போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. போதைக்கு அடிமையான ஒருவர் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டால், அவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிறுவனத்திலோ சிகிச்சை பெறும் பட்சத்தில் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். 'அடிமையானவர்' என்பதை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். எப்போதாவது புகைத்தவருக்கு இது தானாகக் கிடைக்காது. 39-ஆம் பிரிவின்படி, குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இரண்டுமே வழக்கு வந்த பிறகு உதவுபவை. உங்களுக்கு இன்னும் வழக்கு வரவில்லை. அந்தப் பெரிய நல்வாய்ப்பை வீணாக்கிவிடாதீர்கள்.

அந்த மாத்திரை அட்டைதான் எனக்குக் கஞ்சாவைவிட அதிகக் கவலை தருகிறது. அட்டையில் அச்சாகியிருக்கும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். டாப்பெண்டடால், டிராமடால் என்று இருந்தால் அவை அபின் வகை போல வேலை செய்யும் வலி நிவாரணிகள். டிராமடால் 2018 முதல் போதைப் பொருள் சட்டத்துக்குள்ளேயே வருகிறது. இந்த மாத்திரைகள் வலிப்பை வரவழைக்கும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும். பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் இருந்தால், ஊசியைப் பகிர்வதால் எச்.ஐ.வி.யும் ஹெப்படைடிஸ் சியும் வரும். முழங்கை மடிப்பைப் பாருங்கள். வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கிறானா என்று கவனியுங்கள். என்றாவது எழுப்பியும் எழாமல், குறட்டை போல மூச்சு இழுத்து, உதடு நீலம் பாரித்திருந்தால், தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழையுங்கள்.

அவனிடம் பேசும் நேரம் முக்கியம். இரவு சிவந்த கண்ணோடு வந்து நிற்கும்போது வேண்டாம். காலையில் மைதானத்தில் ஓடிவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்ட பிறகு, அப்பாவும் பாட்டியும் இல்லாத நேரத்தில் உட்காரவையுங்கள். "பையில் இருந்ததைப் பார்த்துவிட்டேன். உன்னைப் பிடித்துக் கொடுக்கப் போவதில்லை. நாளைக்கு நாம் இரண்டு பேரும் டாக்டரிடம் போகிறோம்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். யார் கொடுத்தது, எத்தனை நாளாக என்ற விசாரணையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். அங்கே உண்மை வரும், வீட்டில் பொய்தான் வரும். பொட்டலத்தை வீட்டில் வைத்திருக்காதீர்கள், வேறு யாரிடமும் கொடுத்தனுப்பவும் வேண்டாம். கையில் வைத்திருப்பதே குற்றம். அது உங்களுக்கும் பொருந்தும்.

சத்தியம் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கஞ்சாவை நிறுத்திய இரண்டொரு நாளில் தூக்கம் போகும், பசி போகும், எரிச்சல் ஏறும்; முதல் வாரத்தில் அது உச்சத்துக்குப் போகும். மாத்திரையை நிறுத்தினால் மூக்கொழுகலும் உடம்பு வலியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். அந்த வேதனையில் சத்தியம் உடையும். உடைந்த பிறகு குற்ற உணர்வில் இன்னும் அதிகமாகப் போதையை நாடுவான். மருந்தும் ஆலோசனையும் அந்த நாட்களைக் கடக்க உதவும். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகவும் பின்தொடர்வதாகவும் சொல்லத் தொடங்கினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். கஞ்சாவால் சிலருக்கு மனச்சிதைவு போன்ற நிலை வரும்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு வாங்கினால் போதும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அங்கேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓசூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போவதும் உண்டு. நேரில் போகும் முன் பேசிப் பார்க்க 14416 என்ற மனநல உதவி எண்ணும், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும் கட்டணமில்லாதவை. தனியார் மறுவாழ்வு மையம் என்றால், மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். நள்ளிரவில் வேனில் வந்து பையனைத் தூக்கிப் போகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைச் சட்டமே தடை செய்திருக்கிறது.

கடைசியாக, நம் பக்கத்துப் பையன்கள் எல்லோரையும் நினைத்துச் சொல்கிறேன். சென்னை–பெங்களூரு சாலையும் கன்னியாகுமரிக்குப் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் சந்திக்கின்றன. ஆந்திர–ஒடிசா மலைப் பகுதிக் கஞ்சா தெற்கே இறங்கும் வழிகளில் இதுவும் ஒன்று. மொரப்பூர் வழியாகச் சேலம் போகும் ரயில் பாதையில், தன்பாத்–ஆலப்புழா ரயிலில் கஞ்சா பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. பழக்கம் உள்ள பையனிடம்தான் "இந்தப் பையை மட்டும் சேலத்தில் இறக்கிவிடு, கைச்செலவுக்குப் பணம் தருகிறேன்" என்று கேட்பார்கள். 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். 37-ஆம் பிரிவின்படி ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். பையில் இருந்தது தெரியாது என்பதை அவன்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். அங்கே 64-ஏ உதவாது. கையில் கணக்கில்லாத பணமோ புதிய செல்போனோ தென்பட்டால் அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

கொடுப்பவன் யார் என்று பின்னால் தெரியவந்தால், 10581 என்ற எண்ணில் தகவல் சொல்லலாம். மகனின் சிகிச்சை நிலைப்பட்ட பிறகு, அவனிடம் சொல்லிவிட்டே அதைச் செய்யுங்கள்.